ஈரிழை ஆர்என்ஏ: உடம்புக்கு அபாய மணி, மருத்துவத்துக்குப் புதிய கருவி

2006ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதி. மலேசியாவின் மலாக்காவில் ஓர் ஆடவருக்குக் கடும் காய்ச்சல். சுவாசப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. சில நாள்களில் அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் உடம்பு சரியில்லாமல் போனது.

"நோய் வருவதற்கு ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன் வீட்டுக்குள் ஒரு வௌவால் பறந்து வந்தது" என்பது விசாரணையில் கிடைத்த தகவல்.

அந்த ஆடவர் குணமடைந்தார். ஆனால் அவரிடமிருந்து எடுத்த மாதிரியில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸ் இருந்தது. அதற்கு மலாக்கா வைரஸ் என்று பெயரிட்டார்கள். தியோமான் தீவின் பழந்தின்னி வௌவால்களில் முன்பு கண்டுபிடிக்கப்பட்ட புலாவ் வைரஸுக்கு அது நெருங்கிய சொந்தம். நிப்பா வைரஸைக் கண்டுபிடித்த மலேசிய ஆய்வாளர் சுவா காவ் பிங்கின் குழுதான் இதையும் கண்டறிந்து 2007இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது.

அந்த வைரஸ் தன் மரபுத் தகவலை டிஎன்ஏவில் வைத்திருக்கவில்லை. 10 துண்டு ஈரிழை ஆர்என்ஏவில் வைத்திருந்தது.

ஈரிழை ஆர்என்ஏவா? பள்ளியில் படித்த உயிரியல் பாடத்தில் இந்தப் பெயர் அவ்வளவாக வந்திருக்காது. ஆனால் கடந்த 20 ஆண்டுகளில் மூன்று நோபெல் பரிசுக் கதைகளில் இதற்குப் பங்கு உண்டு. ஆண்டுக்கு இரண்டே ஊசியில் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் மருந்து, கொவிட்-19 தடுப்பூசி, உருளைக்கிழங்கு வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து என்று எல்லாவற்றிலும் இது தலைகாட்டுகிறது.

சுருக்கமாக:

- ஈரிழை ஆர்என்ஏ நீளமாக இருந்தால், "உள்ளே வைரஸ் வந்துவிட்டது" என்று நம் உயிரணுக்கள் எடுத்துக்கொள்ளும்.
- அதைச் சிறு துண்டாகச் செலுத்தினால், குறிப்பிட்ட ஒரு மரபணுவின் வேலையை மட்டும் அடக்கிவைக்கலாம்.
- அதனால் ஒரே மூலக்கூறு நோய்க்கு அடையாளமாகவும் இருக்கிறது, மருந்தாகவும் இருக்கிறது.

சரி, ஈரிழை ஆர்என்ஏன்னா என்ன?

நூலகத்தில் சில புத்தகங்களை வெளியே எடுத்துச் செல்ல முடியாது. வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொள்ளலாம். நம் உயிரணுவிலும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான்.

டிஎன்ஏ, உயிரணுவின் கருவுக்குள்ளேயே இருக்கும் மூலப் புத்தகம். ஒரு புரதம் தேவைப்படும்போது அதற்குரிய பக்கம் மட்டும் நகலெடுக்கப்பட்டு வெளியே வரும். அந்த நகல்தான் தூது ஆர்என்ஏ. உயிரணு அதைப் படித்துப் புரதத்தைத் தயாரிக்கும். வேலை முடிந்ததும் நகல் அழிக்கப்படும்.

டிஎன்ஏவில் இரண்டு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். தூது ஆர்என்ஏவில் ஒரே இழைதான்.

ஆர்என்ஏ நான்கு எழுத்துகளால் ஆனது: ஏ, யூ, ஜி, சி. ஏ எப்போதும் யூவுடன் சேரும். ஜி பெரும்பாலும் சியுடன் சேரும். ஓர் இழையின் எழுத்துகளுக்குச் சரியாகப் பொருந்தும் இன்னோர் இழை வந்துவிட்டால், இரண்டும் ஜிப் போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஈரிழை ஆர்என்ஏ.

ஒரே இழை தன்மேலேயே மடிந்து, கொண்டை ஊசி வடிவத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அந்த மடிப்புப் பகுதியும் ஈரிழைதான். நம் உடம்பில் இயல்பாகவே அப்படிப்பட்ட குட்டி மடிப்புகள் நிறைய இருக்கின்றன.

பிரச்சினை எப்போது வரும் என்றால், ஈரிழை ரொம்ப நீளமாக இருக்கும்போது. ஆரோக்கியமான உயிரணுவின் திரவப் பகுதியில் நீளமான ஈரிழை ஆர்என்ஏ சாதாரணமாக இருக்காது. இருந்தால் ஏதோ தப்பு நடக்கிறது என்று பொருள்.

வைரஸுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

நம் உயிரணு டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏவைத் தயாரிக்கும். ஆனால் பல வைரஸ்கள் ஆர்என்ஏவைப் பார்த்தே ஆர்என்ஏவைத் தயாரிக்கின்றன. பழைய இழையின் மேல் புதிய இழை எழுதப்படும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஈரிழை உருவாகிறது.

டெங்கி வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிழை ஆர்என்ஏ வைரஸ். கொவிட்-19 வைரஸும் அப்படித்தான். ஆனால் நம் உயிரணுவுக்குள் பெருகும்போது இரண்டுமே இடைக்கட்டத்தில் ஈரிழை ஆர்என்ஏவை உருவாக்கியாக வேண்டும். வேறு வழி இல்லை.

மலாக்கா வைரஸ் போன்றவை இன்னும் ஒரு படி மேலே. அவற்றின் மரபுத் தொகுப்பே ஈரிழை ஆர்என்ஏதான். இந்த வகையில் உலகம் நன்றாக அறிந்த வைரஸ், குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸ். 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ரூத் பிஷப்பின் குழு அதைக் கண்டறிந்தது. அதில் 11 துண்டு ஈரிழை ஆர்என்ஏ இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2013இல் மட்டும் 5 வயதுக்குக் குறைந்த சுமார் 215,000 குழந்தைகள் அதனால் உயிரிழந்தனர். கைக்குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கப்படும் தடுப்பு மருந்து இந்த வைரஸுக்கு எதிரானதுதான்.

ரோட்டா வைரஸுக்கு மூன்று அடுக்கு ஓடு உண்டு. உயிரணுவுக்குள் நுழையும்போது வெளி அடுக்கை மட்டும்தான் கழற்றும். ஈரிழை ஆர்என்ஏவை வெளியே விடாது. உள் ஓட்டுக்குள்ளேயே நகல் எடுத்து, ஓரிழை நகல்களை மட்டும் வெளியே அனுப்பும். டெங்கி வைரஸும் கொரோனா வைரஸும் உயிரணுவின் சவ்வுகளை மடித்து, குட்டி அறைகள் போலக் கட்டிக்கொண்டு அதற்குள் பெருகும். சளிக்காய்ச்சல் வைரஸ் ஒரு புரதத்தைத் தயாரித்து ஈரிழைப் பகுதிகளை மூடிவைக்கும்.

எல்லாம் எதற்கு? நம் உடம்பின் கண்ணில் படாமல் இருக்கத்தான்.

உடம்பு எப்படிக் கண்டுபிடிக்குது?

1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஷான் லிண்டன்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு புதிய பொருளைக் கண்டறிந்தனர். வைரஸ் தாக்கிய உயிரணுக்கள் அதை வெளியிட்டுப் பக்கத்து உயிரணுக்களை எச்சரிக்கும். அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தனர்.

ஆனால் இன்டர்ஃபெரானைத் தூண்டிவிடுவது எது? 1967இல் அமெரிக்க ஆய்வாளர் மோரிஸ் ஹில்மனின் குழு விடை சொன்னது: ஈரிழை ஆர்என்ஏ. வைரஸே தேவையில்லை. ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்த ஈரிழை ஆர்என்ஏவை வைத்தாலே உடம்பு இன்டர்ஃபெரானை வெளியிட்டது.

அதைக் கண்டுபிடிக்கும் உணர்விகள் எவை என்பது பின்னாளில்தான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது:

- டிஎல்ஆர்3: உயிரணு வெளியிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும் பொருள்களில் ஈரிழை ஆர்என்ஏ இருக்கிறதா என்று பார்க்கும்.
- ரிக்-ஐ, எம்டிஏ5: உயிரணுவின் திரவப் பகுதியில் காவல் நிற்கும். ரிக்-ஐ பெரும்பாலும் இழையின் நுனியைப் பார்க்கும். எம்டிஏ5 நீளமான ஈரிழைகளைப் பிடிக்கும்.
- பிகேஆர்: சுமார் 30 எழுத்து இணைகளுக்கு மேல் நீளமான ஈரிழையைக் கண்டால், உயிரணுவின் புரதத் தயாரிப்பையே நிறுத்திவிடும். தொழிற்சாலையை மூடிவிட்டால் வைரஸும் தனக்கு வேண்டியதைத் தயாரிக்க முடியாது.

காய்ச்சல் வரும்போது உடம்பு வலி, குளிர், சோர்வு என்று படுத்துவிடுகிறோமே, அதற்கு வைரஸ் மட்டும் காரணமில்லை. இன்டர்ஃபெரானும் அதோடு சேர்ந்து வரும் எச்சரிக்கைப் பொருள்களும் முக்கியக் காரணம். உடம்பு சண்டை போடுகிறது என்பதற்கு அடையாளம் அது.

சொந்த ஆர்என்ஏவையே எதிரின்னு நினைச்சுட்டா?

நல்ல கேள்வி. அப்படியும் நடக்கிறது.

மனித மரபுத் தொகுப்பில் 'ஆலு' என்ற வரிசை பத்து லட்சம் முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது. மொத்த டிஎன்ஏவில் சுமார் 10 விழுக்காடு அதுதான். ஒரே நகலில் எதிரெதிர்த் திசையில் இரண்டு ஆலு வந்துவிட்டால், அவை மடிந்து ஒட்டிக்கொள்ளும். நமக்குள்ளேயே ஈரிழை ஆர்என்ஏ தயார்.

அதைச் சமாளிக்க நம்மிடம் அடார்1 என்ற நொதி இருக்கிறது. அது ஈரிழைப் பகுதியில் அங்கங்கே ஒரு சில ஏ எழுத்துகளை மாற்றிவிடும். பொருத்தம் கொஞ்சம் குலைந்துபோகும். "இது நம்ம வீட்டு ஆள்" என்று முத்திரை குத்துவதுபோல. அதன் பிறகு எம்டிஏ5 மணி அடிக்காது.

அடார்1 மரபணுவில் பிறவியிலேயே கோளாறு இருந்தால் அந்த முத்திரை விழாது. வைரஸே இல்லாமல் அபாய மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஐகார்டி-கூத்தியே என்ற அரிய நோய்க்கு அது ஒரு காரணம் என்று 2012இல் கண்டறியப்பட்டது. பச்சிளம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நோய் அது.

மணி அடிக்காவிட்டால் வைரஸ் ஜெயித்துவிடும். தேவையில்லாமல் அடித்தால் உடம்பே உடம்பைத் தாக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சிறிய இடைவெளியில்தான் நம் உயிரணுக்கள் வேலை செய்கின்றன.

பூ வெள்ளையா போனது ஏன்?

இதுவரை பார்த்தது எச்சரிக்கை மணி. கதையின் அடுத்த பாதி ஒரு பூச்செடியில் தொடங்குகிறது.

1990இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச் ஜோர்கன்சன், கேரலின் நப்போலி ஆகியோரின் குழு ஒரு முடிவை வெளியிட்டது. பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் ஆழமாக்க வேண்டும் என்று நிறத்துக்கான மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பூ அடர்ஊதாவாக வரும் என்று எதிர்பார்த்தார்கள். பல செடிகளில் வெள்ளைப் பூ பூத்தது. சேர்த்த மரபணுவும் வேலை செய்யவில்லை, ஏற்கெனவே இருந்ததும் வேலையை நிறுத்திவிட்டது.

ஏன் என்று பல ஆண்டுகள் யாருக்கும் தெளிவாகப் புரியவில்லை.

1998இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரின் குழு ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சிறு புழு ஒன்றில் சோதனை செய்தது. தசைக்குத் தேவையான ஒரு மரபணுவை அடக்க முயன்றார்கள். ஓரிழை ஆர்என்ஏவை ஊசியில் செலுத்தினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு இழைகளையும் சேர்த்து ஈரிழையாகச் செலுத்தியபோது புழுவின் குட்டிகள் துடிக்க ஆரம்பித்தன. அந்த மரபணு பழுதான புழுக்கள் எப்படித் துடிக்குமோ அப்படியே.

உயிரணு ஒன்றுக்கு ஒரு சில மூலக்கூறுகளே போதுமாக இருந்தன என்பதுதான் அவர்களை இன்னும் ஆச்சரியப்படுத்தியது. அப்படியென்றால் யாரோ இந்தச் சமிக்ஞையைப் படித்து, பெருக்கி, வேலை வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

இதற்கு ஆர்என்ஏ குறுக்கீடு என்று பெயர். எட்டே ஆண்டுகளில், 2006இல், இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. பெட்டூனியா வெள்ளையானதன் ரகசியமும் இதுதான்: கூடுதல் மரபணுவின் விளைவாகச் செடிக்குள் ஈரிழை ஆர்என்ஏ உருவாகியிருந்தது.

உள்ளே என்னதான் நடக்குது?

படிப்படியாகப் பார்ப்போம்.

1. நீளமான ஈரிழை ஆர்என்ஏ உயிரணுவுக்குள் வருகிறது.
2. டைசர் என்ற நொதி அதைச் சுமார் 21 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது.
3. ஆர்கனாட் என்ற புரதம் ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறது. ஈரிழையில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொன்றை வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறது.
4. அந்த வழிகாட்டி இழைக்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏ எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து வெட்டிவிடுகிறது.
5. நகல் இல்லை, அதனால் புரதமும் இல்லை. மூலப் புத்தகமான டிஎன்ஏ அப்படியே இருக்கும்.

செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் இன்டர்ஃபெரான் கிடையாது. அவற்றுக்கு இதுவே வைரஸை எதிர்க்கும் முக்கிய ஆயுதம். வைரஸின் ஆர்என்ஏவையே நறுக்கி, அதையே அடையாளமாக வைத்து மிச்சத்தையும் வெட்டித் தள்ளும்.

மனிதர்களாகிய நம்மிடமும் டைசர் இருக்கிறது. கொண்டை ஊசி மடிப்புகளை நறுக்கி, மைக்ரோ ஆர்என்ஏ எனப்படும் குட்டித் துண்டுகளைத் தயாரிப்பது அதன் அன்றாட வேலை. எந்த மரபணு எவ்வளவு பேச வேண்டும் என்பதை அவை கட்டுப்படுத்துகின்றன. 1993இல் அதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இதை மருந்தா மாத்த முடியுமா?

முடிந்தது. ஆனால் 20 ஆண்டுகள் எடுத்தன.

முதல் தடை, நாம் மேலே பார்த்த அதே அபாய மணி. புழுவுக்குக் கொடுத்த மாதிரி நீளமான ஈரிழையை மனித உயிரணுவுக்குக் கொடுத்தால் குறிப்பிட்ட மரபணு மட்டும் அடங்காது. பிகேஆர் மொத்தத் தயாரிப்பையும் நிறுத்திவிடும்.

2001இல் தாமஸ் டுஷ்லின் குழு வழி கண்டுபிடித்தது. ஏற்கெனவே நறுக்கிய 21 எழுத்துத் துண்டையே நேரடியாகக் கொடுத்தால் என்ன? அவ்வளவு சிறியதைக் கண்டு பிகேஆர் விழித்துக்கொள்ளவில்லை. ஆர்கனாட் மட்டும் எடுத்துக்கொண்டது. மரபணு அடங்கியது.

இரண்டாவது தடை, அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது. ரத்தத்தில் ஆர்என்ஏவைச் சும்மா விட்டால் நொதிகள் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். இரண்டு தீர்வுகள் வந்தன:

- மிக நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் வைத்து அனுப்புவது.
- கல்லீரல் உயிரணுக்கள் விரும்பி உள்ளிழுக்கும் ஒரு வகைச் சர்க்கரையை ஆர்என்ஏவோடு ஒட்டி அனுப்புவது.

2018 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பட்டிசிரான் என்ற மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. இந்த வகையில் உலகின் முதல் மருந்து அது. கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம் தவறாக மடிந்து நரம்புகளில் படியும் பரம்பரை நோய்க்கானது. முன்பு அந்த நோயாளிகள் சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது.

அது அரிய நோய். நம்மில் பலருக்குத் தெரிந்த பிரச்சினை வேறு. அம்மா அப்பாவுடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பாருங்கள். எல்டிஎல் என்ற வரியில் சிவப்புக் கோடு இருக்கும். அதுதான் கெட்ட கொழுப்பு.

கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடித்து இழுத்து அகற்றும் கொக்கிகள் உண்டு. பிசிஎஸ்கே9 என்ற புரதம் அந்தக் கொக்கிகளை அழித்துவிடும். இன்கிளிசிரான் என்ற ஈரிழை ஆர்என்ஏ மருந்து, பிசிஎஸ்கே9 தயாரிப்பையே குறைக்கிறது. கொக்கிகள் கூடும், எல்டிஎல் இறங்கும். சோதனைகளில் எல்டிஎல் சுமார் 50 விழுக்காடு குறைந்தது.

முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து ஒன்று, அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. அவ்வளவுதான். ஆர்கனாட் ஒரே வழிகாட்டியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வேலை செய்வதால்தான் இது சாத்தியமானது. ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2021இலும் ஒப்புதல் கிடைத்தது.

உடனே வீட்டில் உள்ள கொழுப்பு மாத்திரைகளை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஸ்டேட்டின் மாத்திரைகள் விலை குறைவானவை, பல்லாண்டு அனுபவம் உள்ளவை. அவை போதாதபோதும் ஒத்துக்கொள்ளாதபோதும்தான் இந்த ஊசி பற்றிப் பேச்சு வரும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வகை மருந்துகள் இதுவரை பெரும்பாலும் கல்லீரலைத்தான் எட்டுகின்றன என்பதும் ஒரு வரம்பு. மூளைக்கும் நுரையீரலுக்கும் கொண்டுபோவது இன்னும் கடினமாகவே இருக்கிறது.

கொவிட் தடுப்பூசியில் இதுக்கு என்ன வேலை?

இங்கே கதை தலைகீழ். மருந்தில் ஈரிழை ஆர்என்ஏ வேண்டும். தூது ஆர்என்ஏ தடுப்பூசியில் அது கூடாது.

தடுப்பூசிக்கான ஓரிழை ஆர்என்ஏவை நொதியைப் பயன்படுத்தித் தயாரிக்கும்போது, வேண்டாத துணைப்பொருளாகக் கொஞ்சம் ஈரிழை ஆர்என்ஏவும் வந்துவிடும். உயிரணு அதைப் பார்த்தால் என்ன செய்யும்? மணி அடிக்கும். புரதத் தயாரிப்பு நின்றுவிடும். தடுப்பூசி சொல்லும் புரதத்தை உயிரணு தயாரித்தால்தானே எதிர்ப்பாற்றல் வரும்? வீக்கம்தான் அதிகமாகும், பலன் குறையும்.

கத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவரும் 2005இல் யூ எழுத்தைச் சற்றே மாற்றியமைத்தால் உணர்விகள் அமைதியாக இருக்கும் என்று காட்டினர். 2011இல் அவர்களது குழு, ஈரிழைக் கலப்பை வடிகட்டி நீக்கினால் புரதத் தயாரிப்பு இன்னும் பல மடங்கு கூடுகிறது என்று காட்டியது. எழுத்து மாற்றம் பற்றிய கண்டுபிடிப்புக்காக 2023இல் அவர்கள் நோபெல் பரிசு பெற்றனர். தடுப்பூசித் தயாரிப்பில் ஈரிழை ஆர்என்ஏ எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது இன்று தரச் சோதனைகளில் ஒன்று.

வயலுக்கும் வந்துடுச்சா?

நாம் உணவங்காடியில் வாங்கிச் சாப்பிடும் பப்பாளியில் இருந்து ஆரம்பிப்போம். பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் 1990களின் தொடக்கத்தில் ஜொகூர் பப்பாளித் தோட்டங்களைத் தாக்கியது. ஏறக்குறைய அதே நேரத்தில், 1992இல், ஹவாய்த் தீவின் முக்கியப் பப்பாளிப் பகுதியான பூனாவுக்கும் அது வந்தது.

ஹவாயில் பிறந்த ஆய்வாளர் டென்னிஸ் கொன்சால்வஸின் குழு, வைரஸின் ஒரு மரபணுவைப் பப்பாளிக்குள் சேர்த்து ரெயின்போ என்ற வகையை உருவாக்கியது. 1998இல் விவசாயிகளுக்கு விதை கிடைத்தது. ஹவாய்ப் பப்பாளி பிழைத்தது. அந்த எதிர்ப்பாற்றலுக்குக் காரணம் ஆர்என்ஏ குறுக்கீடு என்பது பின்னர்தான் நன்றாக விளங்கியது. புழுவில் கண்டுபிடித்த அதே இயந்திரம்.

அடுத்த கட்டம் பூச்சிகள். 2017இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, வேர்ப்புழுவைக் கொல்லும் ஈரிழை ஆர்என்ஏவைத் தானே தயாரிக்கும் மக்காச்சோளத்துக்கு அனுமதி அளித்தது. 2023 டிசம்பரில், இலையில் தெளிக்கும் ஈரிழை ஆர்என்ஏ மருந்தான லெட்ப்ரோனாவுக்கும் அனுமதி கிடைத்தது. 50க்கும் மேற்பட்ட ரசாயன மருந்துகளுக்கு அசராத கொலராடோ உருளைக்கிழங்கு வண்டுதான் அதன் இலக்கு. இலையைத் தின்னும் வண்டின் உயிரணுக்கள் ஒரு முக்கியப் புரதத்தைத் தயாரிக்க முடியாமல் போகும். வண்டு சாப்பிடுவதை நிறுத்திச் செத்துவிடும்.

மரபணுவின் எழுத்து வரிசை பொருந்தினால்தான் மருந்து வேலை செய்யும். அதனால் தேனீ போன்ற மற்ற உயிர்களைத் தொடாமல் ஒரு பூச்சியை மட்டும் குறிவைக்க முடியும் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி.

அப்போ சாப்பாட்டில் வந்தா நமக்கு ஆபத்தா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரக்கூடிய சில கேள்விகளும் பதில்களும்:

"ஆர்என்ஏவைச் சாப்பிட்டால் நம் மரபணு மாறிவிடுமா?"
மாறாது. ஆர்என்ஏ குறுக்கீடு நகலைத்தான் வெட்டும், டிஎன்ஏவின் எழுத்துகளை மாற்றாது. போதாக்குறைக்கு, நாம் தினமும் ஈரிழை ஆர்என்ஏவைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். காய், பழம், இறைச்சி எல்லாவற்றிலும் அது உண்டு. பல குடைமிளகாய் வகைகளில் எந்த நோயும் தராத ஓர் ஆர்என்ஏ வைரஸ் நிரந்தரமாகவே குடியிருக்கிறது. எச்சில், வயிற்று அமிலம், குடல் நொதிகள் இவற்றைச் சிதைத்துவிடும்.

"மண்ணில் தங்கிவிடுமா?"
ரசாயனப் பூச்சிமருந்துகள் சில ஆண்டுக்கணக்கில் மண்ணில் தங்கும். சோதிக்கப்பட்ட ஈரிழை ஆர்என்ஏ சில நாள்களில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் சிதைந்துவிடுகிறது.

"அப்படியென்றால் பிரச்சினையே இல்லையா?"
இருக்கிறது. எழுத்து வரிசை தற்செயலாக ஒத்துப்போனால் இலக்கு அல்லாத பூச்சியும் பாதிக்கப்படலாம். அதனால் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் வேர்ப்புழுவும் உருளைக்கிழங்கு வண்டும் ஈரிழை ஆர்என்ஏவுக்கு எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், ரசாயன மருந்துக்கு நடந்ததே இதற்கும் நடக்கும். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இனங்களின் புழுக்களிடம் இந்த உத்தி பல நேரம் சரியாக எடுபடுவதும் இல்லை.

செய்தியில் 'ஆர்என்ஏ' வந்தா என்ன கேட்கணும்?

ஆர்என்ஏ என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் பயப்படுகிறார்கள். சிலர் அதிசய மருந்து என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேட்டாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

- எத்தனை இழை, எவ்வளவு நீளம்? நீளமான ஈரிழை என்றால் எச்சரிக்கை மணி. 21 எழுத்துத் துண்டு என்றால் ஒரு மரபணுவை அடக்கும் கருவி. ஓரிழை என்றால் புரதம் தயாரிக்கச் சொல்லும் குறிப்பு.
- யாருடைய உயிரணுவில்? செடியும் பூச்சியும் அதைக் கையாளும் விதம் வேறு, மனித உடம்பு கையாளும் விதம் வேறு.
- எப்படி உள்ளே போகிறது? சாப்பிட்டதா, ஊசியில் போட்டதா, எதற்குள் பொதிந்து அனுப்பப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் பலனும் பாதிப்பும்.

மலாக்கா வீட்டுக்குள் வௌவால் பறந்து வந்த அந்த வாரத்தில், அந்த ஆடவரின் உயிரணுக்கள் தங்களுக்குள் வந்த 10 துண்டுகளை அடையாளம் காணப் போராடியிருக்கும். அதே அடையாளத்தைத்தான் இன்று மருத்துவர்கள் ஊசியிலும் விவசாயிகள் தெளிப்பானிலும் நிரப்புகிறார்கள். வைரஸைக் கண்டுபிடிக்க உடம்பு வைத்திருந்த பழைய ஏற்பாட்டை நாம் இப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.